சங்குத்திட்டு அரண்மனையின் வாசற்குடம்

நலம் பெருகுக. ஏழாறும் வற்றாது ஓடுக.

ஏழாற்றீசர் திருவடி நிழலில் வீற்றிருந்து, குடிகளின் கண்ணீர் மண்ணில் விழுமுன் துடைக்கும் கையுடையவரும், ஏழாற்று நாட்டின் பேரரசருமாகிய உதயசேகரப் பெருங்கோ அவர்களின் திருமுன்புக்கு, அன்னாரின் ஓலைநாயகமும் இப்போது தெற்கே கடல் கடந்து சங்குத்திட்டு நாட்டில் தங்கியிருக்கும் தூதனுமாகிய சேந்தன் நம்பி, வடக்கு நோக்கி நின்று தலைமேல் கைகூப்பி எழுதிக்கொண்ட விண்ணப்பம். பட்டத்தரசியார் நலமுடன் இருக்க. திருக்கோயில் விளக்குகள் சுடர் மங்காதிருக்க. ஆற்றங்கரை வயல்களில் கதிர் சாயாதிருக்க.

இவ்வோலை நீண்டுவிட்டது, பொறுத்தருள வேண்டும். முதலில் சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்நாட்டு அரசியாருக்கென்று தாங்கள் என் கையில் தந்தனுப்பிய இறுதி ஓலையை நான் கொடுக்கவில்லை. அது முத்திரை கலையாமல் இதனுடன் தங்களிடமே திரும்பி வருகிறது. வாடைக்காற்று எழுந்ததும் நம் போர்க்கலங்கள் பாய் விரித்து இத்தீவை வளைக்க வேண்டும் என்று தாங்கள் இட்ட கட்டளையை, இவ்வோலை முழுவதையும் வாசிக்கக் கேட்கும் வரையிலேனும் நிறுத்தி வைக்க வேண்டும் என்று தங்கள் திருவடியைப் பற்றிக் கேட்கிறேன். தென்காற்று இன்னும் வீசுகிறது. அது ஓய்வதற்குள் என் கலம் துறையை விட்டாக வேண்டும். எழுத்தாணியை வைத்துவிட்டுக் காற்றைப் பார்ப்பதும், மறுபடி வந்து எழுதுவதுமாக இருக்கிறேன். எழுத்து கோணியிருந்தால் அதுவே காரணம்.

நடந்ததைத் தாங்கள் அறிவீர்கள். சென்ற கோடையில் நம் படைத்தலைவர் ஏனாதி பெருமாறனார், கடல்வழி உடன்படிக்கை பேசுவதற்காகத் தங்கள் தூதராக இங்கே வந்தார். வந்த வேகத்தில் திரும்பியும் விட்டார். தம்மை அரண்மனைப் படியிலேயே நிறுத்திவிட்டார்கள் என்றும், இருக்கை தரவில்லை, வெற்றிலை தரவில்லை, ஒருவரும் வாய் திறந்து ஒரு சொல் சொல்லவில்லை என்றும், ஊரே கூடி நின்று தம் முகத்தை வெறித்துப் பார்த்துவிட்டுக் கலத்துக்குத் திருப்பி அனுப்பிவிட்டது என்றும் அவர் அவையில் சொன்னபோது, தங்கள் முகம் சிவந்ததை நான் அருகிலிருந்து கண்டேன். இந்நாட்டரசி தாமே ஏழாற்றூருக்கு வந்து, அவை நடுவே நின்று பிழை பொறுக்கக் கேட்க வேண்டும், இல்லையேல் படை வரும் என்று தாங்கள் சொல்லச் சொல்ல எழுதியது என் எழுத்தாணிதான். எழுதும்போது அதன் நியாயத்தில் எனக்கு ஐயம் எழவில்லை. ஏனாதியார் பொய் சொல்பவர் அல்லர். இங்கே வந்து விசாரித்த பிறகும் சொல்கிறேன், அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பொய் இல்லை.

ஆனால் அவர் அறியாதது ஒன்று உண்டு. நானும் அதை அறியாமலேதான் வந்து இறங்கினேன்.

வரும் வழியில் எங்கள் கலத்தின் நீர்த்தொட்டி ஒன்று அலை மோதிப் பிளந்துவிட்டது. எஞ்சிய நீரை எல்லாருக்கும் பங்கிட்டோம். துடுப்பு வலிக்கும் வேங்கையன் என்பவனுக்குக் காய்ச்சல் கண்டிருந்தது. அவன் அதை மறைத்துக்கொண்டு, தங்கள் பரிசுப் பேழையைத் தானே சுமப்பேன் என்று அரண்மனை வரை தூக்கி வந்தான். அரண்மனை என்றால் நம் மாடமாளிகை போல் அன்று; பவழக்கல் அடுக்கிக் கட்டிய பெரிய வீடு. அதன் படியில் வாயகன்ற மண்குடம் ஒன்றில் நீர் வைத்திருந்தார்கள். இருபுறமும் வாயிற்காவலரும் ஊராரும் நின்றார்கள். ஒருவரும் பேசவில்லை.

விருந்தினர் வரும் வாசலில் நீர் வைத்திருந்தால் அது எதற்கு என்று நம் நாட்டில் தவழும் பிள்ளைக்கும் தெரியும். நான் மிதியடியைக் கழற்றிவிட்டேன். வேட்டியையும் சற்றே உயர்த்திப் பிடித்து, கழுவுவதற்கு ஒரு காலைத் தூக்கினேன். அந்நேரத்தில் பின்னால் தொப்பென்று ஓசை கேட்டது. வேங்கையன் பேழையோடு விழுந்து கிடந்தான். விழுந்த நிலையிலும், “பெட்டிக்கு ஒண்ணும் ஆகலயே ஐயா?” என்றுதான் கேட்டான். அவன் உதடு வெடித்திருந்தது. நான் குடத்திலிருந்து இரு கையாலும் நீரை அள்ளி அவன் வாயில் விட்டேன்.

உடனே ஊரார் நடுவே ஒரு பெண், “குடுத்துட்டாரு! ஏய், குடுத்துட்டாரு பாருங்கடி!” என்று கூவினாள். சங்குகள் முழங்கின. மூடியிருந்த கதவு திறந்தது. வாயிற்காவலன் ஒருவன் ஓடி வந்து, தன் கையாலே எனக்கு நீர் தந்தான். முன்பின் அறியாத ஒருவர் என் தோளைத் தட்டி, “காலைத் தூக்கினதும் எங்களுக்கு உசுரே போயிருச்சு ஐயா!” என்று சிரித்தார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. என் மிதியடி எங்கே போயிற்று என்று தேடிக்கொண்டிருந்தேன்.

விளக்கம் சொன்னவள் சங்கினி என்பவள். வலை முடைந்து பிழைப்பவள், தனியே வாழ்பவள், அரண்மனையார் எங்களை அவள் வீட்டு முன்கட்டில் தங்க வைத்தார்கள். படியில் நின்று கூவியவளும் அவளே. அவள் சொன்னதை அவள் சொற்களிலேயே எழுதுகிறேன். மாற்றி எழுதினால் அதன் சூடு போய்விடும்.

“போன தடவ ஒங்க ஊர்ப் பெரியவரு ஒருத்தரு வந்தாரே ஐயா, மீசை வச்சவரு! கொடத்த எடுத்தாரு. சரி, யாருக்குக் குடுக்கப்போறாருன்னு நாங்க வாயப் பொளந்துகிட்டு நிக்கிறோம். வலது காலு. அப்புறம் இடது காலு. வெரலு இடுக்குல எல்லாம் விட்டுக் கழுவுறாரு! மாசக்கணக்கா மழை இல்ல. எம் பக்கத்துல நின்னவ பச்சப்புள்ளக்காரி, பொசுக்குனு அழுதுட்டா.”

இங்கே வழக்கம் இது. இத்தீவு முழுமைக்கும் நடுவே உள்ள ஒரே கிணற்றில்தான் நல்ல நீர், அதுவும் வீட்டுக்கு ஒரு பங்கு என்று அளந்தே. வந்தவர் யாராயினும், அவர் கையில் இந்நாடு முதலில் தருவது அந்த நீரையே. அதை அவர் தாம் குடிக்குமுன் இன்னொருவருக்குக் கொடுக்க வேண்டும். யாருக்குக் கொடுத்தாலும் சரி. கொடுத்துவிட்டால் அவர் அந்நியர் அல்லர். தடுப்பாரின்றி எங்கும் போகலாம், எந்த வீட்டிலும் உண்ணலாம். இத்தனை பெரிய மரியாதையைத்தான் நம் ஏனாதியார் தம் பாதங்களுக்குச் செலவிட்டார்.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று நான் சற்றே கோபமாகவே கேட்டேன். “வாசக் கொடத்துகிட்ட நிக்கிறவருக்கு எடுத்துச் சொல்லப்படாது ஐயா. சொல்லிட்டா அப்புறம் அது அவரு கொணமா, எங்க சொல்லான்னு எப்படித் தெரியும்?” என்றாள் சங்கினி. பிறகு தானே சிரித்துக்கொண்டு, அவர் போனபின் படியில் தேங்கிய நீரைத் துணியால் ஒற்றி ஒற்றி எடுத்துப் பக்கத்தில் நட்டிருந்த பூவரசம் போத்துக்குப் பிழிந்து ஊற்றினார்கள் என்று சொன்னாள். அது இப்போது துளிர்த்து இடுப்பளவு நிற்கிறது. அதற்கு இவ்வூரார் வைத்திருக்கும் பெயர் ஏனாதி. வெயில் ஏறும் முன், “ஏனாதிக்குத் தண்ணி காட்டியாச்சா?” என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்கிறார்கள். அதற்கு ஊற்றுவது மீன் அலசிய நீரைத்தான். பெருமாறனார் இதைக் கேட்க நேர்ந்தால் வருந்த வேண்டாம் என்று சொல்லுங்கள்; அம்மரத்தின் இலையை ஒருவரையும் கிள்ள விடுவதில்லை.

இந்நாட்டாரைப் பற்றி இன்னும் சிலவற்றைச் சொல்ல வேண்டும். நாம் வழியில் கண்டவரை உண்டீரா என்று கேட்பது போல, இவர்கள் “தொண்டை நனைஞ்சுதா?” என்று கேட்கிறார்கள். பாத்திரத்தை மணலால் துலக்குகிறார்கள். குளிப்பதும் துவைப்பதும் கடலில். வெயிலில் காய்ந்தபின் எல்லார் மேனியிலும் உப்புப் பூத்திருக்கிறது. கோயிலில் பூசை செய்பவர் மேனியிலும் அப்படியே. கிணற்றடியில் உரக்கப் பேசுவதில்லை. சண்டை போட வேண்டுமென்றால் குடத்தை வீட்டில் வைத்துவிட்டு மறுபடி வெளியே வந்து போடுகிறார்கள். அதற்குள் பாதிக் கோபம் ஆறிவிடுகிறது என்பதை நானே பார்த்தேன்.

ஊரின் நிலை இப்போது நல்லதாக இல்லை. நம் கலங்கள் வரப்போவதாகச் செய்தி கசிந்துவிட்டது. சுறா வேட்டைக்கான எறியீட்டிகளை ஆண்கள் கரையில் உட்கார்ந்து தீட்டுகிறார்கள். துறையில் கடை வைத்திருக்கும் நம் நாட்டு வணிகர்கள் சரக்கைக் கட்டிவைத்துவிட்டுக் குழந்தைகளோடு உள்ளறையில் இருக்கிறார்கள். படை வந்தால் முதலில் பிடிபடுபவர்கள் அவர்கள்தாம். அவர்களுள் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “எப்படியாவது ஒரு வழி பண்ணுங்க நம்பியாரே” என்றார். தங்கள் ஓலையோ என் மடியில் இருந்தது. கொடுத்துவிடலாம் என்று அரண்மனை வரை போவேன். படியில் அந்தப் பூவரசைக் கண்டதும் திரும்பிவிடுவேன். ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. கரையில் நின்ற பாய்மரத்தில் கட்டிய துணி எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்ப்பதே எனக்கு வேலையாயிற்று. தெற்கிலிருந்து வடக்கே பறந்தால் மூச்சு வரும். சற்றே தொய்ந்தால் அது எழும்வரை அங்கேயே நிற்பேன்.

என் பூசையை நான் விடவில்லை. நம் ஆற்றில் தலை முழுகிப் பழகிய உடம்பு, இங்கே உப்பு நீரில் முழுகிவிட்டு வந்து உட்காரும். ஏழாற்றீசரின் சிறிய திருவுருவுக்கு நீராட்ட மட்டும் நல்ல நீர் வேண்டும். நான் கேட்கவில்லை, முதல் நாள் காலையே சங்கினி ஒரு கொட்டாங்கச்சியில் நீர் கொண்டுவந்து என் முன்னே வைத்தாள். “எங்க சாமி கடல்லயே குளிச்சுக்கும். ஒங்க சாமி பெரிய எடத்துச் சாமி, உப்பு ஒத்துக்காது” என்று கேலியும் செய்தாள். அதன் பிறகு ஒவ்வொரு காலையும் அந்த நீர் வந்தது. அந்நீரால் இறைவனை நீராட்டி, நான் ஒன்றையே வேண்டினேன்: வாடைக்காற்று வரக்கூடாது. அது வந்தால் படை வரும். ஆகவே வராதிருக்கட்டும், வராதிருக்கட்டும் என்று கண்ணீர் மல்க வேண்டினேன்.

ஒரு நாள் பூசை முடித்து, நீராட்டிய நீரைத் தீர்த்தமாகத் தருவதற்குப் பின்கட்டுக்குப் போனேன். சங்கினி அடுப்பு மூட்டாமல், வறுத்த தினையை வெறும் வாயில் மென்றுகொண்டு வலை முடைந்துகொண்டிருந்தாள். அடுத்த வீட்டுக்காரி வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, “ஒங்க சாமி வந்ததுலேருந்து இவ கஞ்சியே காய்ச்சல ஐயா. கஞ்சித் தண்ணிதான் ஒங்க சாமி தலையில ஓடுது!” என்றாள். “ஒன் வாயத் தச்சு வச்சாத்தான் என்ன? வலை ஊசி கையிலதான் இருக்கு, வாடி இங்க” என்று சங்கினி அவளை அதட்டினாள். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து வந்து, சமாதானமாகச் சொன்னாள்: “அட, அதுக்கு ஏன் ஐயா மொகத்த இப்படி வச்சுக்கிறீரு? வாடை வந்துட்டா மழை கொட்டும். அப்ப ரெண்டு பானை கஞ்சி காய்ச்சி ஒரே மூச்சுல குடிச்சிருவேன். ஒங்க சாமிகிட்ட அதக் கொஞ்சம் சொல்லி வையும்.”

அரசே, இந்நாட்டுக்கு வாடைதான் மழையைக் கொண்டு வருகிறது. இத்தீவார் அனைவரும் கைகூப்பி வேண்டிக்கொண்டிருப்பது அந்தக் காற்றுக்காகவே. அது வரக்கூடாதென்று, அவள் கஞ்சிக்குரிய நீரைக் கொண்டே, அவள் வீட்டில் உட்கார்ந்தே நான் வேண்டியிருக்கிறேன். என் கையிலிருந்த தீர்த்தத்தை அவளுக்குக் கொடுத்தேன். அதற்குமேல் அவ்வீட்டில் உட்கார முடியவில்லை. நேரே அரண்மனைக்குச் சென்று அவை கூட்டும்படி கேட்டேன்.

இந்நாட்டரசி திரைமகள் தேவியார் நடுவயதினர். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. அவருக்கு வலப்பக்கம் பெருநாவிகர் கடலாடியார் இருந்தார். எறியீட்டிகளைத் தீட்டச் சொன்னவர் அவரே. நான் மறைக்காமல் சொன்னேன். என் மடியில் என் மன்னரின் ஓலை இருக்கிறது. அதில் கடுஞ்சொல் இருக்கிறது. அச்சொல் பிறந்ததற்குக் காரணம் ஒரு குடம் நீரைப் பற்றிய அறியாமை என்று இங்கே வந்துதான் அறிந்தேன். என் மன்னர் இதை அறிந்த பிறகும் அதே ஓலையை அனுப்பச் சொன்னால் அப்போது நானே கொண்டுவந்து கொடுப்பேன். அதுவரை பொறுக்க வேண்டும் என்றேன்.

கடலாடியார் தொடையைத் தட்டிச் சிரித்தார். “மடியில வச்சு அடைகாக்குறீரோ? என்ன குஞ்சு பொரிக்கும்னு நாங்க பாத்துக்கிட்டே இருக்கணுமோ? வாங்கிப் பிரிச்சுப் பாத்தா விஷயம் முடிஞ்சுது!” என்று என் பக்கம் வந்தார். தேவியார் கை உயர்த்தினார். வாசற்குடத்து நீரைக் கொடுத்தவரின் மடியை இந்நாட்டில் ஒருவரும் தொடக்கூடாது என்பதைப் பெருநாவிகர் மறந்தாரோ என்று கேட்டார். அவர் முணுமுணுத்துக்கொண்டே போய் உட்கார்ந்தார்.

பின்னர் தேவியார் சொன்னது இது. நீரின் அருமை அறியாத நாட்டிலிருந்து வந்தவரிடம், ஒன்றும் சொல்லாமல் அவ்வருமையை எதிர்பார்த்தது தம் நாட்டின் பிழை. ஏனாதியாரை அப்படியே திருப்பி அனுப்பியது அதைவிடப் பெரிய பிழை. ஊரில் கசிந்த செய்தி மெய்யேயானாலும், ஏழாற்றூர் அவை நடுவே வந்து பிழை பொறுக்கக் கேட்டு நிற்கத் தம்மால் இயலாது. அப்படி நின்றால் இத்தீவார் அதன்பின் தலை நிமிர மாட்டார்கள். ஆனால் ஏனாதி பெருமாறனார் மறுபடி இங்கே வருவாராயின், கிணற்றில் தமக்குரிய பங்கு நீரை எடுத்து, அவர் கால் கழுவுவதற்காகத் தாமே தம் கையால் ஊற்றுவார். “அது எங்கள் வழக்கம் அன்று, உங்கள் வழக்கம். அவர் நாட்டில் எப்படி வரவேற்பார்களோ அப்படி வரவேற்கிறேன் என்று உம் மன்னருக்கு எழுதும்” என்றார்.

கடலாடியார் அரசியாரை நிமிர்ந்து பார்த்தார். தம் தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அதன்பின் அவர் சிரிக்கவில்லை.

வாடை எழும்வரை பொறுப்பதாகத் தேவியார் வாக்குத் தந்திருக்கிறார். அதன் பிறகு நம் பாய்கள் வடக்கே தெரிந்தால், துறையை அடைத்து நம் வணிகரைக் காவலில் வைப்பதைத் தம்மால் தடுக்க முடியாது என்றும் ஒளியாமல் சொன்னார்.

ஆகவே தங்கள் திருவடியில் நான் வைக்கும் வேண்டுதல்கள் இவை. போர்க்கலங்களின் பாயை இறக்கச் சொல்லுங்கள். ஏனாதியாரை இகழ வேண்டாம். வேங்கையன் விழுந்த ஓசை சற்றுப் பிந்திக் கேட்டிருந்தால் நானும் அவர் செய்ததையே செய்திருப்பேன். அவரை மறுபடி இங்கே அனுப்புங்கள். தேவியார் நீர் ஊற்றக் குனியும்போது, அவர் அக்குடத்தை வாங்கி, பக்கத்தில் நிற்கும் யாருக்கேனும் ஒரு கை நீர் கொடுக்கட்டும். அவர் நல்லவர், சொன்னால் செய்வார். தூதன் தன் மன்னரின் ஓலையைக் கொடாமல் வைத்திருந்த குற்றத்துக்கு என்ன தண்டமோ, அதைத் திரும்பி வந்து ஏற்றுக்கொள்கிறேன். அதில் எனக்கு முறையீடு இல்லை.

இவ்வோலையைக் கொண்டு வருபவன் வேங்கையனே. காய்ச்சல் தெளிந்துவிட்டது. இந்த ஊர் மீனவர் இருவரும் துணைக்கு வருகிறார்கள். அவன் கையில் ஈரத்துணி சுற்றிய கொம்பு ஒன்று இருக்கும். அரண்மனைப் படிப் பூவரசிலிருந்து, ஒரு கிளையும் ஒடிக்க விடாத இவ்வூரார் தாமே வெட்டித் தந்த போத்து அது. துணி காயாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். குடிக்கும் நீரில் தத்தம் பங்கிலிருந்து தெளித்துக்கொள்வதாக மூவரும் சொன்னார்கள். தங்கள் திருமுன்பு வரும்போது அது பச்சையாக இருந்தால், ஏழாற்றூர் அரண்மனை வாசலில் நடச் சொல்லுங்கள்.

இதை எழுதும்போது பாய்மரத்துத் துணி தொய்ந்து தொய்ந்து எழுகிறது. வடக்கே கடலுக்கு மேல் ஒரு கருமை தெரிவதாகச் சொல்கிறார்கள். வீட்டுக்கு வீடு பெண்கள் குடங்களையும் பானைகளையும் முற்றத்தில் வரிசையாக வைத்துவிட்டு வானத்தைப் பார்த்து நிற்கிறார்கள். சங்கினியும் இரண்டு பானைகளை வைத்திருக்கிறாள். நானும் என் பூசைச் செம்பை எடுத்துப்போய் அவற்றின் பக்கத்தில் வைத்தேன். இன்று காலை ஏழாற்றீசரிடம் வாடை வரட்டும் என்றே வேண்டினேன். அந்தக் காற்றோடு மழை மட்டும் வருவதற்குத் தங்களை நம்பியிருக்கிறேன்.

வேங்கையன் துறையிலிருந்து அழைக்கிறான். இத்துடன் நிறுத்துகிறேன்.

சங்குத்திட்டுத் துறையில், தென்காற்று ஓயுமுன், ஓலைநாயகம் சேந்தன் நம்பி தன் கையால் எழுதி, ஏழாற்று நாட்டின் இரட்டைக் கயல் முத்திரை இட்டுக் கட்டிய ஓலை. கொண்டு வருபவனுக்கு வாசலில் முதலில் நீர் கொடுங்கள். மன்னர் கட்டளை எதுவாயினும் அதுவே என் தலைமேல். ஏழாறும் வாழ்க, இந்த ஒரு கிணறும் வாழ்க.